படைத்தவன் இல்லை என்று பாய் பேசிய நாள்

பட்டிமன்றத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். குரலை எப்படிக் காப்பாற்றுவது, மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, சாப்பிட்டுவிட்டு மேடை ஏறலாமா கூடாதா என்பதையெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போனைத் திறந்தால் அதற்கென்றே வகுப்பு நடத்துகிறார்கள். நான் அந்தப் பக்கமே போகப் போவதில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, வியாபாரிகள் சங்க விழா எதையும் விடாமல் பேசித் தீர்த்தவள் நான். பகலில் தாலுகா ஆபீசில் குமாஸ்தா, பொழுது சாய்ந்தால் பேச்சாளர். இப்போது மேடை ஏறுவதில்லை. கூப்பிடுகிறவர்களிடம் தொண்டை கெட்டுவிட்டது என்று சொல்கிறேன். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் குழுவிடம் ஒரு தலைப்பு உண்டு. 'பிரபஞ்சம் தானே தோன்றியதா, தோற்றுவித்தவன் உண்டா?' குடும்பத் தலைப்புகளுக்கு அடுத்தபடியாக அதிகம் ஓடியது இதுதான். தீர்ப்பு என்ன என்பது நாற்காலி போடுகிறவருக்கே தெரியும். அம்மன் கோயில் பந்தலில் உட்கார்ந்துகொண்டு, அம்மன் பெயரில் போர்த்திய பொன்னாடையோடு, தோற்றுவித்தவன் இல்லை என்று எந்த நடுவர் தீர்ப்புச் சொல்வார்? ஆனாலும் சனங்கள் கடைசிவரை இருந்து கேட்பார்கள். இல்லை என்கிற அணி எவ்வளவு தூரம் போகிறது, உண்டு என்கிற அணி எப்படி இழுத்துக்கொண்டு வருகிறது என்று பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு ருசி.

யார் எந்த அணி என்பதை நடுவர்தான் முடிவு செய்வார். எங்கள் நடுவரை ஐயா என்றே கூப்பிட்டோம், இங்கும் அப்படியே இருக்கட்டும். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு வினோதமான வழக்கம் இருந்தது. நம்புகிறவரை 'இல்லை' அணியில் போடுவார், நம்பாதவரை 'உண்டு' அணியில் போடுவார். முதல் தடவை நான் சண்டைக்குப் போனேன். "நம்புறவனுக்குத்தாம்மா அந்த வீட்ல எந்தச் சுவர் ஓதம் ஏறிக் கெடக்குன்னு தெரியும். வெளியில நிக்கிறவனுக்குத்தான் வீடு அழகாத் தெரியும்" என்றார். அதற்கு மேல் பேச விடவில்லை.

அப்படித்தான் நான் தோற்றுவித்தவனுக்கு வக்கீலானேன். என் அப்பா விவசாயத் தொழிலாளி, செங்கொடிச் சங்கத்துக்காரர். அம்மா நடவு நடப் போனவள். எங்கள் தெருவுக்குத் தேர் வராது. வராத சாமி இருக்கிறாரா இல்லையா என்று எங்கள் வீட்டில் யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. நான் படித்து, வேலைக்குப் போய், அதே கோயில்களின் பந்தலில் நின்று சாமி இருக்கிறார் என்று நிரூபித்துக் கைதட்டு வாங்கினேன். அதில் எனக்கு உள்ளூர ஒரு சிரிப்பு இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

எனக்கு எதிரே 'இல்லை' அணியில் நின்றவர் ஹமீது பாய். கூத்தாநல்லூரில் கண்ணாடிச் சாமான் கடை வைத்திருந்தார். அதற்கு முன் நெடுங்காலம் வளைகுடாவில் இருந்தவர். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். எங்கள் குழு வேனில் போகும்போது பள்ளிவாசல் பாங்கு சத்தம் கேட்டால் டிரைவர் கேட்காமலே வண்டியை ஓரம் கட்டுவார். விஞ்ஞானப் பத்திரிகை எது கிடைத்தாலும் விழுந்து விழுந்து படிப்பார். அதைத் தமிழில் உடைத்துச் சொல்கிற வித்தை அவரைப்போல் யாருக்கும் வராது. நட்சத்திரம் எப்படி எரிகிறது என்று அவர் சொன்னால் பால்வாடிப் பிள்ளைக்கும் புரியும்.

இப்படி 'இல்லை' அணியில் பேசுவதற்குப் பள்ளிவாசலில் எதிர்ப்பு வராமல் இல்லை. ஜமாஅத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள். "கொலைக் கேஸ்ல ஆஜராவுற வக்கீல் கொலைகாரனாங்க?" என்று இவர் கேட்டாராம். பெரியவர்கள் யோசித்து ஒரு நிபந்தனை போட்டார்கள். விஞ்ஞானம் பேசிக்கொள்ளலாம். ஆனால் இறைவன் பெயரை எடுக்கக்கூடாது, தன் சொந்த விஷயத்தைப் பேசக்கூடாது. இவரும் அதை ஒரு நாளும் மீறியதில்லை. வாயு, வெடிப்பு, தற்செயல், கோடானுகோடி வருஷம் என்று பேசிவிட்டு இறங்கிவிடுவார்.

இன்னொரு ரகசியமும் உண்டு. என்னுடைய வாதத்தையே அவர்தான் எனக்குக் கொடுத்தார். ஒருமுறை தரங்கம்பாடிக்குப் போகிற வழியில் சொன்னார்.

"தொடக்கம் உள்ள எதுவும் தானாத் தொடங்காதுக்கா. இந்த உலகத்துக்குத் தொடக்கம் உண்டு. அப்ப தொடங்கி வச்சவன் ஒருத்தன் உண்டு. எங்க பெரியவங்க ரொம்ப காலமாச் சொல்லிட்டு வர்றது. நீங்க எடுத்துக்குங்க."

"நான் சொன்னா நீங்க என்ன கேப்பீங்க பாய்?"

"அப்ப அவனைத் தொடங்கி வச்சது யாருன்னு கேப்பேன்."

"அதுக்கு நான்?"

"அவனுக்குத் தொடக்கமே இல்ல, அதனால அந்தக் கேள்வியே வராதும்பீங்க."

"அதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?"

"நான் என்னத்தச் சொல்றது? என் நேரம் முடிஞ்சிருக்கும். ஐயா மணி அடிச்சிருவாரு."

வேனில் எல்லோரும் சிரித்தோம். தன் நேரம் முடியும் இடத்தைக்கூடப் படைத்தவனுக்குச் சாதகமாகக் கணக்குப் பண்ணி வைத்திருந்தார் மனிதர்.

அந்த வாதத்தை அப்படியே மேடையில் சொன்னால் ஊர்சனம் கொட்டாவி விடும். நான் அதற்கு என் அம்மாவின் நடவைச் சேர்த்தேன். "வயலில் நாற்று வரிசையாக நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் காற்றடித்துத் தானாக நட்டுக்கொண்டது என்று சொல்வீர்களா? ஒரு கை நட்டிருக்கிறது. வானத்தில் சூரியனும் சந்திரனும் வரிசை தப்பாமல் நிற்கின்றனவே, அதை நட்ட கை எது?" இதுதான் என் கைதட்டு வாங்கும் இடம். பாய் அதற்குப் பதிலடியாக, "அக்கா, அதே வயல்ல கோரையும் முளைக்குதே, அதை நட்டது யாரு?" என்பார். கூட்டம் இரண்டுக்கும் கைதட்டும்.

இந்த நடவு உதாரணம் ஒரு தடவை என்னை மண்ணைக் கவ்வ வைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம், மாரியம்மன் கோயில் விழா. சம்பா அறுப்புக்கு நாள் பார்த்திருந்த சமயத்தில் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. விழாவைத் தள்ளிப்போட முடியாது என்று கமிட்டியார் எங்களை வரச் சொல்லிவிட்டார்கள். சாரல் அடிக்கிறது என்று வேனின் ஜன்னலையெல்லாம் மூடியிருந்தோம். நான் பேச்சை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தேன். மேடை ஏறி, வழக்கம்போல, வயலைப் பாருங்கள், வரிசையாக நிற்கும் பயிரைப் பாருங்கள் என்று ஆரம்பித்தேன். கைதட்டு வரவேண்டிய இடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

கமிட்டி பேட்ஜ் குத்திய ஒருவர் எழுந்தார். எங்களை வந்து கூப்பிட்டவரே அவர்தான்.

"நட்டது நாங்கம்மா. ஆள் கெடைக்காம நானும் எம் பொண்டாட்டியும் எறங்கி நட்டோம். முழுசும் சாஞ்சு தண்ணில கெடக்கு. கதிர்லயே மொளை கட்டிருச்சு. நட்டது யாருன்னு கேட்டீங்க, சரி. முக்குனது யாரு? அதையும் சொல்லிட்டுப் போங்க."

கோபமாகக்கூட அவர் கேட்கவில்லை. வழி கேட்பதுபோலக் கேட்டார். நான் மைக்கிலிருந்து ஒரு அடி பின்வாங்கினேன். இவ்வளவுக்கும் நான் நடவுக்காரி பெற்ற பெண். வழி நெடுகப் பயிர் செத்துக் கிடந்திருக்கிறது, ஜன்னலை மூடிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஐயா மைக்கை வாங்கினார். "இந்தக் கேள்விக்கு எங்க ரெண்டு அணிகிட்டயும் பதில் இல்லைங்க. பதில் இருக்குற தலைப்புக்குப் போயிருவோம்" என்று சொல்லி, வீட்டில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா மனைவியா என்று அந்த இடத்திலேயே மாற்றினார். சனங்கள் சிரித்தார்கள். பேட்ஜ் குத்தியவரும் சிரித்தார், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்ததில் எனக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. பந்தலுக்கு வெளியே அவர் வயல் தண்ணீரில்தான் கிடந்தது.

திரும்பும்போது ஐயா என்னிடம், "மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஜன்னலைத் தெறந்து பாரும்மா" என்று மட்டும் சொன்னார். புதிதாக வந்திருக்கிற உங்களுக்கும் நான் அதையே சொல்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறக்காதீர்கள்.

அன்று வேனில் நான் பாயிடம் கேட்டேன். "அவர் கேட்டதுக்கு நெசமாவே பதில் இருக்கா பாய்?"

"இருக்குக்கா. நமக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்."

"இது ஒரு பதிலா?"

"எனக்குப் போதும்க்கா" என்றார், அவ்வளவு நிம்மதியாக.

எனக்கு அது போதாது. ஆனால் அவருக்குப் போதுமானதாக இருந்தது என்பது எனக்கு ஏதோ ஒரு விதத்தில் வேண்டியிருந்தது. அடுத்த வீட்டில் விளக்கு எரிந்தால் நம் வாசலிலும் கொஞ்சம் வெளிச்சம் விழுகிறதல்லவா, அப்படி. நான் நம்பாதவளாக இருந்தது எனக்குப் பாரமாக இருந்ததே இல்லை. பக்கத்து சீட்டில் பாய் இருந்தார். யாரோ ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார்.

பாய்க்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நஸீமா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். பிரசவத்திலேயே போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. செய்தி கேட்டு நாங்கள் எல்லோரும் போனோம். பாய் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "அவன் கொடுத்தான், அவன் எடுத்துக்கிட்டான்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய பார்வை யார்மீதும் நிற்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதம் அவர் மேடைக்கு வரவில்லை. பிறகு கும்பகோணத்தில் வியாபாரிகள் சங்க விழா வந்தது. கல்யாண மண்டபத்தில் சாயங்கால நிகழ்ச்சி. அவர்கள் கேட்டது இதே தலைப்பு. வேறு தலைப்பு தருகிறேன் என்று ஐயா சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. பாய்க்கு போன் செய்து, "நீங்க வர வேணாம், வேற ஆளை வச்சுச் சமாளிச்சுக்கிறேன்" என்றாராம். "இல்லைங்கய்யா, நான் வர்றேன்" என்று பாய் சொல்லியிருக்கிறார். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. இளைய மகள் பர்வீனுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அப்பா அந்தச் சங்கத்தில் முக்கியமான ஆள். கும்பகோணத்தில் பாத்திரக்கடைக்காரர், பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருப்பவர். சம்பந்தி ஆகப்போகிறவர் முன்வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். பாயைப் பார்த்ததும் எழுந்து கட்டித் தழுவி, "ஒங்க பேச்சைக் கேக்கத்தான் எல்லாரும் வந்துருக்கோம்" என்றார்.

கடைசி ஜோடி நாங்கள் இருவர். முதலில் பாய், அவருக்குப் பதில் சொல்ல நான், பிறகு தீர்ப்பு.

பாய் எழுந்து மைக்குக்குப் போனார். எப்போதும் ஒரு நகைச்சுவையில் ஆரம்பிப்பவர், அன்று நேராகவே தொடங்கினார்.

"இந்தப் பிரபஞ்சம் தொடங்குறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேக்குறாங்க. விஞ்ஞானிக்கும் தெரியலங்குறாங்க. எனக்குத் தெரியும். என் வீட்ல இப்ப என்ன இருக்கோ அதுதான் இருந்துச்சு. ஒண்ணுமில்ல."

கூட்டம் லேசாகச் சிரித்து, நிறுத்திக்கொண்டது.

"அந்த ஒண்ணுமில்லாததுலேர்ந்து ஒருத்தன் வானத்தையும் பூமியையும் உண்டாக்குனான்னு அக்கா வந்து சொல்லப்போறாங்க. அவ்வளவு பெரிய ஆளுன்னா என் வீட்லேர்ந்து ஒரே ஒரு சத்தத்தை உண்டாக்கச் சொல்லுங்க. என் புள்ள 'அத்தா'ன்னு கூப்புடுற சத்தம். நான் ஆஸ்பத்திரி வராண்டால நின்னு கேட்டேன். எனக்குத் தெரிஞ்ச எல்லாப் பேரையும் சொல்லிக் கேட்டேன். அல்லாஹ்ன்னு கேட்டேன். பதில் வரல."

இறைவன் பெயர், சொந்த விஷயம் இரண்டையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டார். அவர் பேசிக்கொண்டிருப்பது பட்டிமன்றம் இல்லை என்பது அந்த மண்டபத்தில் எனக்குத் தெரிந்தது. ஐயாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் கை மணியின் மேல் இருந்தது, அடிக்கவில்லை.

"நட்டவன் ஒருத்தன் உண்டுன்னு அக்கா ஊர் ஊராச் சொல்றாங்க. சரிங்க. நட்டவன் களை எடுக்க வருவான். களையை விட்டுட்டுப் பயிரைப் புடுங்கிட்டுப் போறவனை நம்ம பக்கத்துல என்ன பேர் சொல்லிக் கூப்புடுவோம்? அவனை நான் படைச்சவன்னு சொல்லணுமா? யாருமில்லைங்க. மேல யாருமில்ல. இருந்தா எனக்கு இன்னும் பயமா இருக்கும்."

சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒருவர் ஆரம்பிக்க, கைதட்டல் எழுந்தது. அப்படி ஒரு கைதட்டலை என் மேடை வாழ்க்கையில் நான் கேட்டதில்லை. எழுந்து நின்று தட்டினார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்கள். அது ஒரு பிரமாதமான பேச்சு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முன்வரிசையில் ஒருவர் தட்டவில்லை. பாத்திரக்கடைக்காரர் மடியில் கையை வைத்துக்கொண்டு பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஏதோ குனிந்து கேட்டாள். அவருடைய நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்தேன். இது பேச்சா, நிஜமா என்று அவர் எடை போட்டுக்கொண்டிருந்தார்.

ஐயா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

தம்பி தங்கைகளே, இருக்கையிலிருந்து மைக் வரைக்குமான அந்தத் தூரத்தில்தான் நான் யோசித்தாக வேண்டியிருந்தது. நான் பேசாமல் கண்ணீர் விட்டால், அல்லது நண்பரின் துயரத்துக்கு முன்னால் எனக்கு வாதம் இல்லை என்று கௌரவமாகச் சொல்லிவிட்டால், அவர் சொன்னது நிஜம் என்று நானே சாட்சி சொன்னதாகிவிடும். பர்வீன் கல்யாணம் நிற்கும். ஊரில், பள்ளிவாசலில், உறவுக்குள் பாய் தலைகாட்ட முடியாது. இருக்கிற ஒரு மகளையும் அவர் இழந்து நிற்பார். அது பேச்சுதான் என்று ஆக்குவதற்கு ஒரே வழிதான் இருந்தது. பேச்சுக்கு என்ன செய்வோமோ அதைச் செய்யவேண்டும். கிண்டல் பண்ணவேண்டும்.

"நடுவர் அவர்களே, போன வருஷம் இதே பாய் இதே மாதிரி கண்கலங்கி, ஒரு நாள் சூரியன் அணைஞ்சு போயிடும், எல்லாம் இருண்டு போயிடும்னாரு. நான் நம்பி வீட்ல போயி அழுதுகிட்டே படுத்தேன். காலையில எந்திரிச்சுப் பாத்தா சூரியன் வந்து துணி காயுது!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அடைபட்டிருந்த எல்லாம் திறந்துகொண்டதுபோல ஒரு சிரிப்பு. நான் பாய் பக்கம் திரும்பவில்லை.

"சொந்த வீட்டுத் துக்கத்தையே கொண்டாந்து எதிரணி வாதமாக் கொட்டுறாரே, இந்தத் தொழில் பக்திக்கு ஒரு கைதட்டு குடுங்க" என்றேன். தட்டினார்கள். பாத்திரக்கடைக்காரரின் நெற்றி கொஞ்சம் இளகியது. இன்னும் போதாது என்று எனக்குத் தெரிந்தது. பாய் வைத்த வாதத்தை வைத்தே அவரை மடக்கவேண்டும், அப்போதுதான் ஆட்டம் ஆட்டமாக இருக்கும்.

"ஆனா ஒரு கேள்வி. பாய் இவ்வளவு நேரம் கோபமாப் பேசினாரே, யார்மேல கோபம்? யாருமில்லாத வீட்டு வாசல்ல நின்னு யாராவது சண்டை போடுவாங்களா? பூட்டிக் கெடக்குற வீட்டைப் பாத்து ஏன் எம் பயிரைப் புடுங்கினேன்னு கேப்பாங்களா? உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சவன்தான் வாசல்ல நின்னு சத்தம் போடுவான். யாருமில்லைன்னு சொல்றதுக்காக வந்த பாய், தன்னை அறியாமலே இருக்கான்னு நிரூபிச்சுட்டுப் போயிட்டாரு. எங்க அணிக்காகப் பேசின பாய்க்கு நன்றி!"

அவ்வளவுதான். கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி தட்டினார்கள். பாத்திரக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்து, தலையை ஆட்டி, பக்கத்தில் இருந்தவரின் தொடையில் தட்டினார். "அந்தம்மா பாயை அமுக்கிருச்சு பாத்தியா" என்று அவர் சொன்னது மேடைக்கே கேட்டது. தோற்றுவித்தவன் உண்டு என்று ஐயா தீர்ப்புச் சொன்னார். எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். பாயும் சிரித்த முகத்தோடு குனிந்து வாங்கிக்கொண்டார். சம்பந்தி மேடைக்கே வந்து அவரைத் தோளோடு அணைத்து, "அழ வச்சிட்டீங்களே மச்சான்" என்றார்.

திரும்பும் வழியில் வேனில் ஐயா ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்து, சரி என்பதுபோலத் தலையசைத்தார். அவரிடமிருந்து அப்படி ஒரு தலையசைப்பு வாங்க நான் வருஷக்கணக்காக ஏங்கியிருக்கிறேன். அன்று அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பர்வீன் நிக்காஹ் நன்றாக நடந்தது. நாங்கள் எல்லோரும் போய்ச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு பாய் பட்டிமன்றத்துக்கு வரவே இல்லை. வேறொருவரை எதிரே வைத்துச் சில மேடைகள் பேசிப் பார்த்தேன். நடவு உதாரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. தொடக்கம் உள்ளது தானாகத் தொடங்காது என்று சொல்லும்போது, அதை எனக்குக் கொடுத்தவரிடமே இப்போது அது இல்லையே என்கிற நினைப்பு வந்தது. ஐயா காலமான பிறகு நானும் நிறுத்திக்கொண்டேன்.

இதில் பாடம் என்ன என்று கேட்பீர்கள். அன்று நான் செய்தது சரி. இன்று அதே மண்டபத்தில் என்னை நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். ஆனால் சரியானதைச் செய்தால் மனசு ஆறும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். எனக்கு ஆறவில்லை. முன்பெல்லாம் ராத்திரி மொட்டை மாடியில் நின்றால் வானம் அழகாக இருக்கும், யார் செய்தது என்கிற கேள்வி ஒரு விளையாட்டாக இருக்கும். இப்போது மேலே பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு விளக்கு அணைந்த பிறகுதான் என் வாசல் எவ்வளவு இருட்டு என்று எனக்குத் தெரிந்தது.

போன மாசம் கூத்தாநல்லூருக்குப் போய் அவரைப் பார்த்தேன். மதிய நேரம், கடையில் வேறு யாரும் இல்லை. தாடி முழுக்க நரைத்திருந்தது. டீ வரவழைத்தார். பேரன் பேத்தி, சர்க்கரை, முழங்கால் வலி எல்லாம் பேசினோம். பிறகு அவரே ஆரம்பித்தார்.

"அன்னைக்குக் கும்மோணத்துல கடைசியாப் பேசினது நீங்க. எனக்குப் பதில் சொல்ல வாய்ப்பே இல்லாமப் போச்சு."

"இப்பச் சொல்லுங்க பாய்."

"யாருமில்லாத வீட்டு வாசல்ல நின்னு யாராவது சண்டை போடுவாங்களான்னு கேட்டீங்க."

"ஆமாம்."

"உள்ள யாருமில்லன்னு தெரிஞ்சுதான்க்கா கத்தினேன். வெளியில நீங்க ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தீங்க. நீங்க நம்பாதவங்க. ஒங்களுக்காவது நான் சொல்றது புரியும்னு நெனச்சேன்."

கல்யாணத்தைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசினேன் என்று நான் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியும். கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டு, "புரிஞ்சுது பாய். அன்னைக்கே புரிஞ்சுது. நீங்க சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நான் நம்பினேன்" என்றேன்.

வெளியே பாங்கு சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். பாய் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"படைச்சவன் உண்டுன்னும் இதே குரல்லதானக்கா சொல்லுவீங்க" என்று சொல்லிவிட்டுத் தொழப் போனார்.